மூக்கு மட்டும் தெளிவாக

அம்மா கொடுத்த வார்த்தையை மாற்ற மாட்டாள். அதனால் மற்றவர்கள் திண்டாடுவதுதான் அந்த வீட்டில் வழக்கம். இந்தத் தடவை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அம்மாவேதான்.

விஷயம் பல்லைப் பற்றியது. ஈறு கெட்டுப்போய் மேல்வரிசை முழுக்க ஆட ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறியதும் பல்செட்டு வைத்துவிடலாம் என்று டாக்டர் பல் எடுக்க நாளும் குறித்துவிட்டார். செட்டைச் செய்யப்போவது மகள். பல் செட்டும், பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப்பும் செய்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. அம்மாவின் வாயில் அச்சு எடுத்து, சுண்ணாம்பில் வார்த்து, மாதிரி தயாராக மேஜைமேல் இருக்கிறது. ஆனால் மாதிரியில் பல் தெரியுமே தவிர சிரிப்பு தெரியாது. சிரிக்கும்போது உதடு எவ்வளவு தூக்குகிறது, எந்தப் பல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று தெரியாமல் செய்தால் செட்டு வாய்க்குப் பொருந்தும், முகத்துக்குப் பொருந்தாது. பட்டறையில் மகள் முதலில் கேட்பதே சிரிக்கிற படத்தைத்தான்.

அம்மா சிரிக்கிற படம் உலகத்திலேயே கிடையாது. முன்பல் இரண்டுக்கும் நடுவே இருந்த சந்துதான் காரணம். கேமராவைக் கண்டால் அம்மாவின் உதடு தைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் படத்தில்கூட யார்மேலோ கோபம்போல இறுக்கமாக நிற்கிறாள்.

"ஒரே ஒரு தடவைம்மா. போன்ல எடுத்து, பாத்துட்டு அழிச்சிடறேன்."

"நீ அழிப்பே. உங்கண்ணன் அதுக்குள்ள நாலு பேருக்கு அனுப்பிடுவான்."

"நான் ஏன் அனுப்பறேன்?" என்றான் அண்ணன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "அப்புறம் பயந்துகிட்டு ஒருத்தரும் நம்ம வீட்டுப் பக்கம் வரமாட்டாங்க."

"பாத்தியா? இவன் வாய்க்கு முன்னாடி நான் பல்லைக் காட்டணுமாம்." அம்மா அலமாரியின் மேலே கையைக் காட்டினாள். "அதோ இருக்கே உன் மரப்பெட்டி, அது வேலை செஞ்சா அதுல சிரிக்கிறேன். போதுமா?"

அம்மாவின் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. அந்த மரப்பெட்டி ஒரு பழங்காலத்துப் பெரிய கேமரா. மகள் படிக்கிற மாலை நேரப் புகைப்பட வகுப்பின் சாமான் அறையில் கிடந்தது. "எடுத்துட்டுப் போம்மா, அழகுக்கு வெச்சுக்கோ. படமெல்லாம் எடுக்க வராது," என்று வாத்தியார்தான் கொடுத்தார். துருத்தி கிழியாமல் இருந்தது. லென்ஸ் நன்றாக இருந்தது. படம் விழுகிற தாளைச் செருகுகிற சட்டமும் இருந்தது. மூன்று சாமான்கள்தான் இல்லை: உருவம் விழுந்து தெரிகிற மங்கல் கண்ணாடி, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகிற இரண்டு திருகுகளில் வலதுபக்கத்துத் திருகு, பின்சட்டத்தை அழுத்திப் பிடிக்கிற வில்கம்பிகள்.

வாத்தியார் கண்ணுக்கு அது போன கேமரா. மகளுக்கோ, மூன்று பல் விழுந்த வாய். விழுந்த இடத்தில் பல் வைப்பதற்குத்தானே அவளுக்குச் சம்பளம்?

அவளுக்கு எதைச் செய்தாலும் சந்தேகம். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிவந்து இழுத்துப் பார்க்கிற ரகம். ஆனால் கையில் கருவியைக் கொடுத்துவிட்டால் அந்தச் சந்தேகமே அவளுக்கு ஒரு கருவி ஆகிவிடும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளப்பாள். அதனால் மூன்றாம் தடவை அளக்க வேண்டியிருக்காது.

இருக்கிற இடதுபக்கத் திருகைப் பல்சக்கரத்தோடு கழற்றி, வாயில் அச்சு எடுக்கிற அதே மாவில் அழுத்தினாள். மெழுகில் ஒரு பிரதி எடுத்தாள். தேய்ந்துபோன பற்களை மெழுகிலேயே நிமிர்த்தினாள். பட்டறையில் யாருடையதோ கடைவாய்ப்பல் கேப்போடு சேர்த்து, உலோகத்தில் வார்க்க உலையில் வைத்தபோது முதலாளியம்மா எட்டிப் பார்த்தார்.

"இது எந்த மிருகத்தோட பல்லு?"

"கேமராவோடதுங்க."

"வலிக்குதாமா அதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொண்டாள்.

வில்கம்பிக்கு, செட்டைப் பக்கத்துப் பல்லோடு பிடித்துவைக்கிற கொக்கிக் கம்பி இருந்தது. குறடால் வளைத்தாள். கண்ணாடிக்கு, வெட்டிவந்த ஜன்னல் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் தேய்க்கிற தூளையும் தண்ணீரையும் விட்டு, இன்னொரு கண்ணாடித் துண்டால் வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், பால் ஆடை படிந்ததுபோல் ஆகும்வரை. பின்சட்டத்தில் கண்ணாடி உட்காருகிற விளிம்பில் மட்டும் பழைய பசை கட்டிகட்டியாக இருந்தது. கை டிரில்லால் அதைச் சுரண்டிச் சமப்படுத்தினாள். கண்ணாடி கச்சிதமாக உட்கார்ந்தது.

டாக்டர் குறித்த நாளுக்கு முந்தின நாள் காலையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டாள். "வாம்மா."

"எதுக்கு?"

"பெட்டி வேலை செய்யுது."

அம்மா வந்து பார்த்தாள். ஒரு பக்கம் பித்தளைத் திருகு, ஒரு பக்கம் வெள்ளியாய்ப் பளபளக்கிற திருகு. இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். வழுக்காமல் ஓடின. அம்மாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"கொடுத்த வார்த்தைம்மா," என்றான் அண்ணன் சமையலறையிலிருந்து.

"தெரியும்டா. உன் வேலையைப் பாரு."

மகள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள். கண்ணாடியில் அம்மா தலைகீழாகத் தெரிந்தாள். பற்களை எல்லாக் கோணத்திலும் பார்த்துப் பழகியவளுக்கு அது ஒரு தொந்தரவே இல்லை. முன்பல்லின் ஓரம் கத்திபோல் தெரிகிறவரை திருகினாள். தாள் சட்டத்தைச் செருகினாள். "சிரிம்மா. நான் எண்ணி முடிக்கிறவரைக்கும் அப்படியே இரு." லென்ஸ் மூடியை எடுத்து, மெதுவாக எண்ணி, மூடினாள்.

அம்மா சிரித்திருந்தாள். கடன்காரனைப் பார்த்துச் சிரிப்பதுபோலத்தான், ஆனாலும் சிரித்திருந்தாள்.

குளியலறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு தாளைக் கழுவி, அதன்மேல் இன்னொரு தாளை வைத்துப் படமாக்கி, ஈரம் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்தாள். வரும்போதே தெரிந்துவிட்டது. மூக்கு அற்புதமாக விழுந்திருந்தது. மூக்கின் நுனியில் இருக்கிற சின்ன மருகூடப் பளிச்சென்று தெரிந்தது. பல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை.

"பரவாயில்லையே," என்றான் அண்ணன். "எல்லார் விஷயத்திலயும் நுழையற மூக்கு. அதைக் கேமரா கண்டுபிடிச்சிடுச்சு."

"நான் சிரிச்சாச்சு," என்றாள் அம்மா. குரலில் நிம்மதி. "கணக்குத் தீர்ந்தது."

"வேலை செஞ்சா சிரிக்கிறேன்னுதானேம்மா சொன்னே? இன்னும் வேலை செய்யலை. சாயங்காலம் வரைக்கும் வெளிச்சம் இருக்கு."

அம்மா சொன்ன வார்த்தை அப்படித்தான் இருந்தது.

மகள் உட்கார்ந்து யோசித்தாள். எங்கே தப்பு பண்ணினேன்? அம்மா அசைந்திருந்தால் மூக்கும் கலங்கியிருக்கும். திருகு நழுவியிருந்தால் அது ஓடுகிற தடத்தில் கீறல் விழுந்திருக்கும், இல்லை. லென்ஸ் கெட்டதென்றால் எதுவுமே தெளிவாக விழாது. பட்டறையிலிருந்து திருத்தத்துக்கு எடுத்துவந்திருந்த சுண்ணாம்புத் தாடைகளை மேஜைமேல் ஒன்றின்பின் ஒன்றாகச் சாய்வாக அடுக்கினாள். நடுத் தாடையின் பல்லில் குறிவைத்துப் படம் எடுத்தாள். படத்தில், அதற்கு முன்னால் இருந்த தாடை பளிச்சென்று பல்லைக் காட்டியது.

அப்படியென்றால் கண்ணாடி லென்ஸுக்குக் கொஞ்சம் கிட்டே உட்கார்ந்திருக்கிறது. தாள் அதற்குப் பின்னால் உட்காருகிறது. அவள் கண் பார்த்த இடம் வேறு, தாள் பார்த்த இடம் வேறு. அளவுக்கருவியை வைத்து இரண்டின் ஆழத்தையும் அளந்தாள். வித்தியாசம் ஒரு நகத்தின் தடிமன்.

அந்த நகத் தடிமனை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவள் கை வேலை.

கேப் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல்லுக்கும் கேப்புக்கும் நடுவே பசைக்கு இடம் வேண்டும். இடம் விடாமல் செய்தால் கேப் தூக்கிக்கொண்டு நிற்கும், கடிக்கும்போது முதலில் இடிக்கும். ஆள் மறுநாளே தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். அதனால் எதைச் சுரண்டினாலும் தேவைக்கு மேல் ஒரு இழை சேர்த்துச் சுரண்டுவது அவள் கைக்குள் ஊறிப்போனது. சட்டத்தின் விளிம்பில் பசையைச் சுரண்டியபோதும் கை பாட்டுக்கு அதைச் செய்திருக்கிறது. ஆனால் கேமராவுக்குப் பசையும் கிடையாது, கடியும் கிடையாது.

கோபம் வரவில்லை. தப்பு கைக்கு எட்டுகிற இடத்தில் கிடைத்துவிட்டால் அவளுக்குச் சந்தோஷம்தான். அட்டைக் கீற்றுகளை வெட்டி விளிம்பில் ஒட்டினாள். கடி சரிபார்க்கிற நீலத்தாளை நாலு மூலையிலும் வைத்துக் கண்ணாடியை அழுத்தினாள். மூன்று மூலையில் நீலம் பதிந்தது. நாலாவது மூலையில் இன்னொரு மெல்லிய கீற்று. மறுபடி அழுத்தினாள். நாலிலும் நீலம். மறுபடி ஆழத்தை அளந்தாள். இரண்டும் ஒன்று.

ஜன்னலில் வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. "அம்மா, வா."

"இன்னொரு தடவை மூக்கு வந்துச்சுன்னா?"

"வராது."

அவள் அப்படி அடித்துச் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அம்மா வந்து உட்கார்ந்தாள். குறிவைத்தாகிவிட்டது, சட்டம் செருகியாகிவிட்டது. மூடியில் கை வைத்த நேரத்தில் அண்ணன் நாற்காலிக்கு எதிரே வந்து நின்று, தன் மூக்கை இரண்டு விரலால் பொத்தி மறைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான்.

"போடா தடியா!" அம்மாவுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியே இரு!" மூடி திறந்தது.

இந்தத் தடவை அம்மா குளியலறைக் கதவருகிலேயே நின்றாள். முதல் தாள் வெளியே வந்ததும் அலறினாள். "என்னடி இது, பல்லெல்லாம் கரி!"

"இது நெகடிவ்மா, இதுல கறுப்பா இருக்கறது படத்துல வெள்ளையா மாறும். இரு."

மாறியது. மூக்கு கொஞ்சம் மென்மையாக, உதடு தெளிவாக, பற்கள் ஒவ்வொன்றும் ஓரம் தெரிய விழுந்திருந்தன. மேலுதடு எங்கே நிற்கிறது, கோரைப்பல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது, எல்லாமே இருந்தது. நடுவில் அந்தச் சந்து.

அம்மா ஈரத்தாளை ஜன்னலிடம் கொண்டுபோய்ப் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானாடி?"

"என்னம்மா?"

"இந்தச் சந்து. நான் என்னமோ கதவு திறந்து வெச்ச மாதிரி இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். இத்தனை வருஷமா." படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "நல்லாத்தானே இருக்கு. இது இல்லாட்டி இந்தச் சிரிப்பு யாரோ மாதிரி இருக்கும்."

"செட்டுல வரிசையா நெருக்கித்தான் வைக்கணும்னு நீதானே சொன்னே?"

"இப்ப வேற சொல்றேன். இதையும் வை."

மகள் அளவுக்கருவியை எடுத்துச் சுண்ணாம்பு மாதிரியில் சந்தை அளந்தாள். மறுபடி ஒரு தடவை அளந்தாள். "கொஞ்சம் குறைச்சு வைக்கட்டுமா? கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு..."

"இங்க பாரு," என்றாள் அம்மா, ஜன்னலிலிருந்து திரும்பாமலே. "எவ்வளவு இருக்கோ அவ்வளவு. கூட்டறது, குறைக்கறது, உன் பட்டறைக் கணக்கையெல்லாம் என் வாயில காட்டக் கூடாது. சொல்லிட்டேன்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். மகள் அளவுக்கருவியின் திருகை இறுக்கி, அளவு நகராமல் பூட்டினாள்.