அடுப்பே வேண்டாம்

ஏப்ரனின் முடிச்சு அவிழவே இல்லை. சின்னவள் கட்டிலோரம் மண்டியிட்டு, அக்காவின் முதுகுக்கடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"கத்தரிக்கோல் எடுத்துட்டு வரட்டுமா?" கதவோரம் நின்று கேட்டாள் அண்ணி.

"வேண்டாம்."

"ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க..."

"வரட்டும்."

ஒருவழியாக முடிச்சு விட்டது. ஏப்ரனை உருவியதும் அதன் மடிப்புகளிலிருந்து பிஸ்கட் தூள் படுக்கையில் கொட்டியது. சின்னவள் அதைக் கையாலேயே கூட்டித் தள்ளினாள். காலையில் அக்கா சமையலறைத் தரையில், அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். அசதியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து, நீட்டியிருந்த காலைத் தாண்டிப் போய் அண்ணி டீ போட்டிருக்கிறாள். அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

மூன்று பேரில் அக்காதான் மூத்தவள்; அடுத்தது அண்ணன், கடைசி சின்னவள். கல்யாணம் தட்டிப்போய், அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். அந்த வீட்டுப் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குத்தான் முதன்முதலாக பிஸ்கட்டை நொறுக்கி, கண்டென்ஸ்ட் மில்க் ஊற்றிப் பிசைந்து, தேங்காய்த் துருவலில் புரட்டி உருண்டை பிடித்தாள். வந்தவர்கள் எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அன்றைக்கு அண்ணன் பெருமையாகச் சொன்னதுதான், "அடுப்பே வேண்டாம். ரொம்ப ஈசி. எங்கக்கா நொடியில பண்ணிடுவா."

அதற்குப் பிறகு யார் வீட்டுப் பிறந்தநாள், யாருக்குப் பதவி உயர்வு, எந்த லீவுக்கு எந்த விருந்து என்றாலும் தட்டு அக்காவிடம் வந்துவிடும். நொடியில் ஆகிற வேலை எது என்று சின்னவளுக்குத் தெரியும். கூடமாட இருந்து பார்த்திருக்கிறாள். பிஸ்கட்டைப் பையில் போட்டு உருட்டுக்கட்டையால் அடித்து அடித்துத் தூளாக்க வேண்டும். கை மரத்துப்போகும்வரை பிசைய வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து, சாக்லேட் இளகும்வரை நின்றபடியே கிளற வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் திரிந்து கட்டியாகிவிடும். அதனால் அக்கா முகத்து வேர்வையைத் தோளால்தான் துடைப்பாள்.

முந்தாநாள் ஃபோனில் பேசியபோது அந்தத் தோளைப் பற்றித்தான் சொன்னாள்.

"இடது தோள்பட்டை ஒரேயடியா கடுக்குதுடி."

"டாக்டர்கிட்ட போக்கா."

"தம்பிகிட்ட சொன்னேன். ஆபீஸ் பார்ட்டி முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்னான். தைலம் தேச்சிருக்கேன்."

அந்தப் பார்ட்டி இன்று மாலை.

கூடத்தில் அண்ணனின் குரல் கேட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "கொடுத்து வச்சவ. ஒரு நாள் படுக்கையில விழுந்ததில்ல. நாங்களும் அவளுக்குக் கஷ்டமான வேலை ஒண்ணும் குடுத்ததில்ல. பொழுதுபோக்கா மிட்டாய் உருட்டிக்கிட்டிருப்பா. அதுக்கு அடுப்பே வேண்டாம்."

முதல் தடவை சொன்னபோது சின்னவள் மென்று முழுங்கினாள். அக்காவைத் துடைத்து, புடவை மாற்றி, கட்டிலோடு கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகும் அவன் அதையே சொன்னான். புதிதாக யார் வந்தாலும் அதே பேச்சு, அதே பெருமூச்சு. சின்னவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில் வைக்கக்கூட இடமில்லை. தட்டுத் தட்டாக உருண்டைகள். சில பழுப்பு சாக்லேட் பூசி, சில வெள்ளை சாக்லேட் பூசி, சில வண்ணத் துகள் தூவி. கடைசித் தட்டில் பாதிதான் பூசியிருந்தது.

பின்னாலேயே வந்த அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "ஆபீஸ்லேர்ந்து டிரைவர் வந்திருக்கான். இதையெல்லாம் எடுத்து வைக்கக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எதை?"

"மேனேஜர்கிட்ட ஒத்துக்கிட்டாச்சு. அவ ஆசையா செஞ்சது, வீணாப் போகணுமா? நாளைக்கு யாரு திங்கப் போறா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவனே இரண்டு தட்டுகளை அடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். அவள் வெறுங்கையோடு பின்னால் போனாள்.

டிரைவருக்கு விஷயம் தெரியாதுபோல; தெருவில் நின்ற கூட்டத்தை ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பான். தட்டுகளை வாங்கிக்கொண்டு, வாசற்படியில் நின்ற அண்ணியைப் பார்த்துச் சிரித்தான். "மேடம், போன வருஷம் நீங்க செஞ்சனுப்புன தேங்கா உருண்டையப் பத்தி மேனேஜர் இன்னும் பேசுறாருங்க. உங்க கைப்பக்குவமே தனி..." சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தவன் பாதியில் நிறுத்தினான்.

அண்ணி தரையைப் பார்த்தாள்.

"நீங்க செஞ்சதா அண்ணி?" என்றாள் சின்னவள்.

"இப்ப இதுவா முக்கியம்?" அண்ணன் குறுக்கே வந்தான். "வீட்ல செஞ்சதுன்னு சொன்னேன். அவங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டாங்க."

"நீ இல்லைன்னு சொல்லல."

"எழவு வீட்ல வந்து சண்டை போடாத."

"அக்காவுக்குத்தான் போடத் தெரியல. தோள் வலிக்குதுன்னவளை பார்ட்டி முடியட்டும்னு உருட்ட வச்சே. இப்ப அவளைக் கூடத்துல கிடத்திட்டு, அவ செஞ்சதை வாசல் வழியா அனுப்புறே. அதுவும் இன்னொருத்தி பேர்ல. பொழுதுபோக்காம்! வாய் கூசல உனக்கு?"

தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் பல்லைக் கடித்தான். "மெதுவாப் பேசு."

"நான் செய்யலைங்க." சொன்னது அண்ணி. டிரைவரைப் பார்த்துத்தான் சொன்னாள், குரல் கம்மியிருந்தது. "எனக்கு சாக்லேட் இளக்கக்கூடத் தெரியாது. போன வருஷமும் அவங்கதான். அதுக்கு முந்தியும் அவங்கதான்." புருஷன் பக்கம் அவள் திரும்பவில்லை.

டிரைவர் தட்டுகளை வாசல் திண்ணையின் மேல் வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலருகே கைகட்டி நின்றான். "தெரியாமப் போச்சும்மா," என்றான், அக்காவிடம்.

சின்னவள் ஒரு தட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். "ஒண்ணு எடுத்துக்குங்க. இதோ படுத்திருக்காளே, இவ செஞ்சது. உங்க ஆபீஸ்ல அப்படியே போய்ச் சொல்லுங்க."

அவன் தயங்கி ஒன்றை எடுத்துக்கொண்டான். பிறகு அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் போனாள். சாவு வீட்டில் இனிப்பா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி அவள் முகம் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி மட்டும் வாங்கியவுடன் வாயில் போட்டுக்கொண்டு அழுதாள். "எத்தனை தரம் எனக்குக் குடுத்திருக்கா. அவ ஒண்ணு வாயில போட்டு நான் பாத்ததில்லடி."

தட்டோடு தெருவுக்கு இறங்கினாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, தின்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெயில் ஏறியிருந்தது. கடைசியாக அண்ணனிடம் வந்தாள். அவன் கையை நீட்டவில்லை. அவளே அவன் இடது கையைப் பிடித்து, விரித்து, உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள்.

அமரர் ஊர்தி வந்துவிட்டது. ஆட்கள் கூப்பிட்டார்கள்.

அக்காவைத் தூக்கும்போது தலைமாட்டில் அண்ணனுக்குத்தான் இடம். வலது கையால் பிடித்துத் தூக்கினான். இடது கை மூடியே இருந்தது. விரலிடுக்கில் பழுப்பாக ஏதோ கசிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ரெண்டு கையாலயும் பிடிப்பா," என்றார் பின்னால் தாங்கியவர்.