நாலே முக்கால் பஸ்

டார்லோ உயர்நிலைப் பள்ளியில் கால்குலஸ் எடுக்கிற வெண்டல் ஹாஸுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் 'மறுபடியும்'. விடை சரியோ தப்போ, "மறுபடியும் சொல்லு, எப்படி வந்துச்சு?" என்று கேட்காமல் விடமாட்டார். ஏரிக்கரைப் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எரிச்சல். டியூஷனில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்துவிட்டுப் போக வந்தவர்கள் அவர்கள். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிகளிலிருந்து வருகிறவர்களுக்கோ, ஒரு வாத்தியார் தங்களிடம் இரண்டாம் முறை கேட்டதே புதுசு.

அடுக்குமாடிப் பிள்ளைகளை எட்டாம் வகுப்பு முடியும்போதே ஒதுக்கிவிடுவார்கள். 'அன்றாடக் கணக்கு' என்று ஒரு பாடம் இருந்தது. தள்ளுபடிக் கூப்பனில் எவ்வளவு மிச்சம், கார் கடனுக்கு எவ்வளவு வட்டி என்று அடுத்த மூன்று வருஷமும் அதையே போடச் சொல்வார்கள். அதில் விழுந்தவர்கள் கால்குலஸ் பக்கம் வர வழியே கிடையாது. வெண்டல் அதை ஒரு ஓட்டையாகத்தான் பார்த்தார், அடைக்கக்கூடிய ஓட்டை. பள்ளி விட்டபிறகு மாலையில் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். விடுபட்ட பாடங்களை அங்கே வேகமாக ஓட்டி, பன்னிரண்டாவதுக்குள் கால்குலஸில் கொண்டுபோய் உட்கார வைப்பது திட்டம். வகுப்பு முடிந்து அவர்களை வீட்டில் சேர்க்க நாலே முக்காலுக்கு ஒரு பஸ் உண்டு. நெடுஞ்சாலையில் நடக்க இடம் கிடையாது. பெற்றவர்கள் அந்த நேரத்துக்கு வேலையில் இருப்பார்கள். அந்தப் பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை.

அந்த வகுப்பிலிருந்து வந்தவள்தான் யெசெனியா பிராகமோன்தே. அம்மா அராசெலி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். யெசெனியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். முதல் நாளே, "இதெல்லாம் ஏன் எங்களுக்கு முன்னாடியே சொல்லித் தரல?" என்று கேட்டாள். "தெரியல. இப்ப ஆரம்பிப்போம்" என்றார் வெண்டல். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

அவள் பதினொன்றாம் வகுப்பிலேயே கால்குலஸ் பரீட்சை எழுதி அஞ்சுக்கு அஞ்சு வாங்கினாள். அவளோடு எழுதிய அடுக்குமாடிப் பிள்ளைகளில் தேறாதவர் மிகச் சிலர். அந்த வருஷம் மாநிலத் தரவரிசையில் பள்ளி மளமளவென்று ஏறியது. ஏரிக்கரையில் வீட்டு விலையும் ஏறியதாகச் சொன்னார்கள்.

யெசெனியா பன்னிரண்டாவதுக்கு வந்ததும், அக்டோபரில் தலைமையாசிரியை கெயில் தார்ன்பரி வெண்டலைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளும் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரே காப்பி மெஷினைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள்.

"புது அகாடமி தொறப்பு விழாவுக்கு யெசெனியா பேசணும்" என்றாள்.

சாதனையாளர் அகாடமி என்பது பள்ளிக்குள்ளேயே தனிக் கட்டடம், தனி ஆய்வுக்கூடம், தனி ஆசிரியர்கள். நுழைவுத் தேர்வு சனிக்கிழமைகளில். அந்த வருஷம் சேர்ந்தவர்களில் அடுக்குமாடியிலிருந்து ஒருவரும் இல்லை.

"அவ அந்த அகாடமிலயே இல்லையே, கெயில்."

"இந்தப் பள்ளில இருக்கால்ல? ஸ்கூல் போர்டு மெம்பர்ஸ் எல்லாம் வராங்க. வசந்தத்துல பட்ஜெட்டுக்கு ஓட்டு. உன் மாலை வகுப்பை வெட்டணும்னு அதுல ரெண்டு பேருக்குக் கண்ணு. அவ மேடை ஏறிப் பேசிட்டா, அதைத் தொட யாருக்கும் தைரியம் வராது."

"வகுப்பை வெட்ட மாட்டேன்னு எழுதிக் குடுப்பியா?"

அவள் சிரித்தாள். "நான் உங்கிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா? உன் வகுப்பைத் தொட மாட்டேன். போதுமா?"

போதும் என்றுதான் அவருக்குப் பட்டது. இத்தனை வருஷப் பழக்கம்.

யெசெனியாவிடம் அன்று மாலையே சொன்னார். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"என்ன பேசணுமாம்?"

"உன் கதையத்தான்."

"என் கதைல அந்த அகாடமி எங்க வருது, மிஸ்டர் ஹாஸ்? அந்தப் பரீட்சை நடந்ததே எங்க பில்டிங்ல யாருக்கும் தெரியாது. நான் போய் அங்க நின்னா, எங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்காங்கன்னு ஆகிடும். நான் என்ன, கடை வாசல்ல நிக்கிற பொம்மையா?"

"நீ சொல்றது சரிதான்" என்றார் வெண்டல். "ஆனா நீ பேசினா இந்த வகுப்பு நிலைக்கும். கெயில் வாக்குக் குடுத்திருக்கா. உன் தங்கச்சி அடுத்த வருஷம் வரால்ல?"

தங்கை நோயெமியின் பேச்சை எடுத்ததும் யெசெனியா ஜன்னல் வழியே பஸ்ஸைப் பார்த்தாள்.

"அவங்க வாக்கு இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. நிலைக்குமா?"

"நிலைக்கும். நான் சொல்றேன்."

"அப்ப பேசறேன்."

விழாவில் அவள் எழுதிக்கொண்டு வந்ததைப் படிக்க விடவில்லை. கல்வி மாவட்ட அலுவலகத்து விளம்பரப் பெண் ஒருத்தி அதைத் திருத்தி, புதிதாய் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தாள். அன்றாடக் கணக்கு என்ற வார்த்தையே அதில் இல்லை. 'கதவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன' என்று இருந்தது. யெசெனியா தாளிலிருந்து தலையைத் தூக்கி வெண்டலைத் தேடினாள். அவர் தலையை ஆட்டினார், படி என்பதுபோல. படித்தாள். குரல் உணர்ச்சி எதுவும் இல்லாமல் தட்டையாக இருந்தது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அராசெலி பின் வரிசையில் வேலைச் சட்டையோடு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்கொடையாளர் ஒருவர் மேடையிலிருந்து இறங்கிய பெண்ணின் கையைக் குலுக்கி, "உன் இங்கிலீஷ் பிரமாதமா இருக்கும்மா" என்றார்.

"இங்கதான் பொறந்தேன்" என்றாள் யெசெனியா. "ஆஸ்பத்திரி உங்க ஏரிக்குப் பின்னாடிதான்."

அவர் அதையும் ஒரு ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

வசந்தத்தில் பட்ஜெட் நிறைவேறியது. மாலை வகுப்பின் பெயர் அதில் இருந்தது. வெண்டல் அன்று யெசெனியாவைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னார். அவள் முதல் முறையாக அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். ஜூனில் படிப்பை முடித்து, முழு உதவித்தொகையோடு வெளிமாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. மாலை வகுப்புக்கு எப்போதும் போல் பிள்ளைகள் வந்தார்கள், நோயெமியும் வந்தாள். அக்காவுக்கு நேர் எதிர். பேச்சே கிடையாது, பென்சிலைக் கடித்துக்கொண்டே கணக்குப் போடுவாள். முதல் நாள் வகுப்பு முடிந்து வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

"மிஸ்டர் ஹாஸ், பஸ் இல்ல."

லேட்டாகியிருக்கும் என்று அவரும் வெளியே வந்து நின்றார். காவலாளிதான் சொன்னார், "அந்த பஸ்ஸை இந்த வருஷம் நிறுத்திட்டாங்களே, உங்களுக்குச் சொல்லலையா?"

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே கெயிலின் அறைக்குப் போனார்.

"உன் வகுப்பை நான் தொடலையே, வெண்டல்" என்றாள் அவள். "பஸ், போக்குவரத்து இலாகாவோடது. பட்ஜெட்ல அது வேற தலைப்பு."

"பஸ் இல்லாம எப்படி வருவாங்க?"

"பெத்தவங்க கூட்டிட்டுப் போகட்டும். ஏரிக்கரைல அப்படித்தானே பண்றாங்க?"

"இவங்க அம்மா அப்பாவெல்லாம் அந்த நேரத்துக்கு வேலைல இருப்பாங்க, கெயில். உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அகாடமி பிள்ளைங்க போட்டிகளுக்குப் போக ஒரு வண்டி வேணும்னு போர்டு கேட்டது. எங்கிருந்தாவது எடுக்கணும்ல?" அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் குடுத்த வாக்கு அப்படியே இருக்கு. வகுப்பு இருக்கு. அறை இருக்கு. நீ இருக்கே."

வெண்டல் பிள்ளைகளைத் தன் காரில் கொண்டுபோய் விட ஆரம்பித்தார். இரண்டு நடை போக வேண்டும். முதல் நடை போய் வரும்வரை மற்றவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நாளில் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஆசிரியர்கள் சொந்தக் காரில் மாணவர்களை ஏற்றக் கூடாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, இன்னொரு முறை நடந்தால் நடவடிக்கை என்றார்கள். யார் போட்டுக் கொடுத்தது என்று அவர் விசாரிக்கவில்லை. பெற்றோர் சங்கத்தில் கேட்டுப் பார்த்தார். அனுதாபம் நிறைய வந்தது, கார் ஒன்றும் வரவில்லை. இரண்டு பிள்ளைகள் நெடுஞ்சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்தது தெரிந்ததும் அவரே பயந்துபோய், வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்டோபர் முடிவதற்குள் வகுப்பில் பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருந்த இருவர் மிஞ்சினார்கள். போதிய மாணவர்கள் இல்லாததால் வகுப்பு மூடப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. அது பொய்யும் இல்லை.

காலியான நேரத்தில் அகாடமிக்குக் கால்குலஸ் எடுக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான் இருந்தது. சரி என்றார்.

நவம்பர் கடைசியில், தாங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி நாள் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த யெசெனியாவைச் சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் பார்த்தார். அம்மாவின் பழைய காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள். நோயெமி முன் சீட்டில் இருந்தாள். வெண்டல் தன் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு அவளிடம் போனார்.

"யெசெனியா, நான் உனக்கு போன் பண்ணணும்னு..."

"பண்ணலையே."

"என்ன சொல்றதுன்னு தெரியல. பஸ்ஸை நிறுத்துவாங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

"தெரியும், மிஸ்டர் ஹாஸ். நீங்க பொய் சொன்னதா நான் நினைக்கவே இல்ல." அவள் பின் கதவை மூடினாள். "உங்களை ஏமாத்துறது சுலபம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சு. நான் உங்க பேச்சை நம்பித்தானே மேடை ஏறினேன்."

அவள் காலித் தள்ளுவண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

"அந்த வீடியோ இன்னும் பள்ளி வெப்சைட்ல ஓடுது. 'கதவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கு'ன்னு நான் சொல்றேன். நோயெமி க்ளாஸ்ல அதைப் போட்டுக் காட்டினாங்களாம். அவ அன்றாடக் கணக்குல உக்காந்து, பீட்சா கூப்பன் கணக்குப் போட்டுட்டே பார்த்திருக்கா."

"நான் ஏதாவது பண்ணட்டுமா? சனிக்கிழமை பப்ளிக் லைப்ரரில ஒரு அறை கேட்டா குடுப்பாங்க. உங்க பில்டிங்குக்கே வேணும்னாலும் வரேன்."

"ஞாயித்துக்கிழமை நான் போன்ல சொல்லித் தரேன். நோயெமியும் இன்னும் சில பேரும் வராங்க."

"நானும் சேர்ந்துக்கட்டுமா?"

யெசெனியா கார்ச் சாவியைக் கையில் உருட்டினாள். கோபம் அடங்கி, ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தாள். அதை வாங்கிக்கொள்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"வேண்டாம். அவங்க உங்களை நம்பிடுவாங்க" என்றாள்.

கார் போனது. நோயெமி திரும்பிப் பார்த்துச் சின்னதாகக் கை அசைத்தாள். வாத்தியாரைப் பார்த்தால் அசைப்பது என்கிற மரியாதைக்கு.

மே மாதம் அகாடமிப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் தேறினார்கள். வெண்டலுக்கு மாவட்டத்தின் சிறந்த ஆசிரியர் விருது வந்தது. போய் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தின் பலத்தில் நோயெமி ஒரு தகுதித் தேர்வு எழுதி, அடுத்த வருஷம் அன்றாடக் கணக்கிலிருந்து வெளியே வந்தாள். வந்து சேர்ந்தது வெண்டலின் காலை வகுப்பில். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கேட்டால் பதில் சொல்வாள். எல்லாம் சரியாகவே இருக்கும். அவளாக ஒருநாளும் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. புரியாதது வந்தால் போனை எடுத்துக் கரும்பலகையைப் படம் பிடித்து, மேசைக்கு அடியில் வைத்து அக்காவுக்கு அனுப்புவாள். வகுப்பில் போன் கூடாது என்பது பள்ளி விதி. வெண்டல் பார்த்தும் பார்க்காதவர்போல், அவள் படம் எடுத்து முடிக்கும்வரை பலகையை மறைக்காமல் ஒதுங்கி நிற்பார்.