முள் தராசு

“உப்பு ஒரு நாளைக்கு மூணு கிராம், பருப்பு முப்பது, மதியத்துக்குக் காய் நூறு. நிறுத்துத்தான் போடணும், கண் மதிப்பு வேண்டாம்” என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். மகுடேஸ்வரனுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இப்போது சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தால் டயாலிசிஸைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் அவரும் மனைவி சாரதாமணியும் திருப்பூரில் ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைந்தார்கள். கடைக்காரர் இரண்டு தராசுகளை எடுத்து வைத்தார். ஒன்று, மேலே தட்டும் முன்னால் கடிகாரம் போல வட்ட முகமும் உள்ள முள் தராசு. இன்னொன்று, கண்ணாடிப் பலகை போன்ற டிஜிட்டல் தராசு.

மகுடேஸ்வரன் முள் தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இதே போதும் சாரதா. பேட்டரி கீட்டரின்னு தொந்தரவு இல்ல.”

“மூணு கிராம் உப்புக்கு அதுல முள்ளு அசையாதுங்க” என்றார் கடைக்காரர்.

“உப்பைக் கரண்டியில அளந்துக்கலாமுங்க. எனக்கு இதுதான் தோதா இருக்குது.”

“சும்மா இருங்க. உங்க பிடிவாதத்துலதான் இந்த நெலமைக்கு வந்து நிக்கறோம்” என்றாள் சாரதாமணி. கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் டிஜிட்டலை வாங்கினாள்.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வருவாள். நிட்டிங் மெஷின் ஓட்டிய மகுடேஸ்வரன், கால் வீங்கிப்போனதிலிருந்து வீட்டில்தான். மதியத்துக்குத் தானே காயை நிறுத்துச் செய்துகொள்வதாகவும், அவள் காலையில் அரை மணி நேரம் கூடத் தூங்கட்டும் என்றும் சொன்னார். தினமும் வந்ததும் அவள் கேட்பாள்: “காய் எத்தன கிராமுங்க?” “நூறு” என்பார்.

மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். வியாதிதான் தின்கிறது என்று அவள் நினைத்தாள்.

ஒரு நாள் கம்பெனியில் கரண்ட் இல்லை. மதியமே அனுப்பிவிட்டார்கள். கதவு திறந்தே கிடந்தது. சமையலறைத் தரையில் மகுடேஸ்வரன் குப்புறக் கவிழ்ந்து, முகத்தைத் தராசுக்கு நேராக வைத்திருந்தார். தராசில் கத்தரிக்காய்த் துண்டுகள். சற்று நேரத்தில் தராசின் எண் தானாக அணைந்தது. தடவித் தடவிப் பொத்தானை அழுத்தி மறுபடி குனிந்தார். மறுபடியும் அணைந்தது. எழுந்து, காயைப் பின்வாசலில் கட்டியிருந்த பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டார். உள்ளே வந்து, காலையில் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி, உப்பில்லாமல் பிசைய ஆரம்பித்தார்.

“ஏனுங்க” என்றாள். நாலடி தூரத்தில்தான் நின்றாள்.

அவர் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினார். “யாரு?”

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “எத்தன நாளா இப்படி?”

“தீபாவளிக்கு முன்னால இருந்தே கண்ணு மங்கல்தான். ஒண்ணு அளவு தெரியாமத் தின்னு சிறுநீரகம் போகணும், இல்லாட்டி பட்டினி கெடக்கணும். பட்டினியே மேலுன்னு இருந்துட்டேன்.”

“ஏஞ் சொல்லல?”

“சொன்னா நீயும் என்னோட ஊட்டுல அடஞ்சு கெடக்கணுமே சாரதா. கடையில அந்த முள்ளு நல்லாக் கருப்பா, தடியா இருந்துச்சு. அது எனக்குத் தெரிஞ்சுது.”

மறுநாள் கண் மருத்துவமனைக்குப் போனார்கள். வலது கண்ணில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இடது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். அவரை வீட்டில் விட்டுவிட்டு, சாரதாமணி தனியாகப் போய் முள் தராசை வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“முள்ளு எங்க நிக்குதுங்க?”

வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அவள் முகத்தின் பக்கம் திரும்பித் தயங்கிச் சொன்னார். “நூறு கிட்ட... இல்லியா?”

தட்டில் எதுவும் இல்லை. “ஆமாங்க” என்றாள். வெளியே போய்க் குழாயடியில் அழுதாள்.

அந்த மாதமே வேலையை விட்டாள். கம்பெனியிலிருந்து தைத்த பனியன் கட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து நூல் பிசிறு வெட்டினாள். மூன்று வேளையும் அவளே நிறுத்துச் சமைத்தாள். ஆனாலும் ஆடியில் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மற்ற நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பிசிறு வெட்டிப்போட்ட பனியன்களைத் தடவி மடித்து அடுக்குவார். “இன்னிக்கு என்ன கலரு?” என்று கேட்பார். அவள் சொல்வாள். அவர் தூங்கிய பிறகு, கோணலாக இருந்தவற்றைச் சத்தமில்லாமல் பிரித்து மறுபடி மடித்து வைப்பாள்.