முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறாவது வரி

சித்திரை இரண்டாம் செவ்வாய், காலை பத்து நாற்பத்திரண்டுக்கு, மூங்கில்சோலைப் பேரூராட்சியின் கணினிகளில் இருந்த முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு பதிவுகளும் அவற்றை விட்டு வெளியேறி, அந்த நிமிடம் ஊர் எல்லைக்குள் இருந்தவர்களின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அன்று மலைக் கேரட் கிலோ இருபத்தெட்டு ரூபாய். பூண்டு விலை இறங்கியிருந்தது.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில் இருக்கிற சின்ன ஊர் அது. பேரூராட்சி அலுவலகத்தில் மூன்று கணினிகள். அவற்றின் வைரஸ் தடுப்பு காலாவதியாகி இரண்டு வருடம். புதுப்பிக்கக் கேட்டு மூன்று முறை மேலே எழுதி, மூன்று முறையும் விளக்கம் கோரிக் கோப்பு திரும்பி வந்திருந்தது. அந்தச் செவ்வாயன்று ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு: மண்டல ஆய்வுக் கூட்டம், மிக மிக அவசரம். அப்படித் தலைப்பிட்ட கடிதத்தைத் திறக்காமல் விடும் துணிச்சல் எந்த அரசு அலுவலருக்கும் கிடையாது. செயல் அலுவலர் சண்முகசுந்தரி திறந்தார். அவருடைய டிஜிட்டல் கையெழுத்துச் சாவி, தொலையாமலிருக்கப் பழனிக் கயிற்றால் கட்டப்பட்டு, எப்போதும் போலக் கணினியிலேயே செருகிக் கிடந்தது. மூன்று திரைகளும் ஒன்றாகச் சிவந்தன. நடுவில் ஒரு பூட்டின் படம், கீழே ஒரு கடிகாரம். ஏழு நாளுக்குள் கேட்ட பணத்தைக் கொடுக்காவிட்டால் எல்லாம் அழியும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கடிகாரம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது.

கணினி இயக்குநர் குமரகுரு எழுந்து சுவரோரம் போய்ப் பார்த்தான். வெளி ஹார்ட் டிஸ்க்கின் விளக்கும் சிவப்பாக இருந்தது. அவனுக்கு முப்பத்தொரு வயது. பழனியில் எம்.சி.ஏ. படித்தவன், ஒப்பந்த வேலை, ஆறு வருடமாக இங்கே. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் ஊரின் பதிவுகளை அந்த டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி, மதியச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவான். சோத்துச் சட்டியோட ஊரையே தூக்கிட்டு வர்றீங்க என்று மனைவி ஜெயப்பிரியா சிரிப்பாள். அவள் இறந்த பிறகு அவன் டிஸ்க்கைக் கழற்றுவதை விட்டுவிட்டான். மூன்று வருடம் செருகியபடியே கிடந்தது. அதனால் நகலும் பூட்டிக்கொண்டது. மாநில சர்வருக்கு ஏற்ற வேண்டிய பிறப்பு இறப்புகளையும், நெட் ஒழுங்காக வரும் நாளில் ஏற்றலாம் என்று மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தான். காகிதப் பதிவேடுகள் போன மழைக்காலத்தில் கூரை ஒழுகிக் கூழாகி, அவற்றின் மேல் காளான் முளைத்ததால் அப்புறப்படுத்தப்பட்டன.

அந்தப் பதிவுகளில் இரண்டு அவனுடையவை. ஒரே தேதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை ஆறு பதினொன்றுக்குப் பெண் குழந்தை. எட்டு ஐம்பதுக்கு, ஊர் எல்லை தாண்டுமுன் ஆம்புலன்ஸில், தாய். இரண்டையும் அவனே தட்டச்சு செய்தான். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் மூடிக்குள் ஜெயப்பிரியாவின் உதடுகள் அசைந்தன. ஒருமுறை ஒட்டிப் பிரிந்தன. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. குழந்தையின் பெயர்க் கட்டத்தை அவன் காலியாக விட்டான். பிறகு நிரப்பலாம் என்று விதி இருந்தது. அவன் நிரப்பவில்லை. எல்லோரும் பாப்பா என்றார்கள். பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்து, ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். மதியம் வரை அங்கன்வாடி, பிறகு அவன் மேசைக்கடியில் அட்டைப் பெட்டிகளோடு விளையாட்டு. அவள் பிறந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே வரி இப்போது எங்கோ போயிருந்தது. போனதற்குக் காரணம் தன் கை என்பதும் அவனுக்குத் தெரியும்.

பகல் பன்னிரண்டுக்கு, கேரட் கழுவும் கிடங்கில் வேலை செய்யும் முருகேஸ்வரி ஈரப் பாவாடையோடு படியேறி வந்தாள். குடிநீர் இணைப்பு எண் ஆயிரத்து நூற்று எண்பத்தேழு, யார் பெயர், எந்தத் தெரு, எத்தனை அங்குலக் குழாய் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"எனக்கு எதுக்கு சார் இது? பத்தே முக்கால்லேர்ந்து தலைக்குள்ள உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது. என் சோலியே ஆயிரம் கெடக்கு."

குமரகுரு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும் அவளுக்கு அது மறந்துபோனது. இன்னும் நாலு இருக்கு சார் என்று வியந்தாள். அந்த வீட்டின் பழைய ரசீதைக் கொண்டுவரச் சொல்லி ஒத்துப் பார்த்தார்கள். ஒரு எழுத்து பிசகவில்லை. சண்முகசுந்தரி இருபத்தாறு வருடப் பணியில் எதற்கும் வியப்படையக் கூடாது என்று கற்றவர். உடனே ஆட்டோவில் மைக் கட்டி, தலையில் பதிவு உள்ளவர்கள் அலுவலகத்துக்கு வந்து ஒப்படைக்கவும் என்று அறிவிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை வரிசை பேருந்து நிறுத்தம் வரை நின்றது. ஆளுக்கு நாலைந்து. ஜீப் ஓட்டுபவர்களிடம் கட்டட அனுமதிகள் இருந்தன, பள்ளிப் பிள்ளைகளிடம் தெருவிளக்குகள், பேச்சு வராத ஒரு பெரியவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஏழு இறப்புகளை எழுதிக் காட்டினார். யாருக்கும் சொந்தப் பதிவு வரவில்லை, அடுத்தவருடையதுதான் வந்திருந்தது. இப்ராம்சா தன் செல்போன் கடையிலிருந்து வைரஸ் படாத நாலு மடிக்கணினிகளைத் தூக்கி வந்து கொடுத்தார். கல்லூரியில் படிக்கும் பெண்கள் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார்கள். வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, மணிக்கொருமுறை மீந்த எண்ணிக்கையை எழுதினார்கள். எண் குறையக் குறைய ஊரே கை தட்டியது. சுக்குக் காபி விற்றவர் அந்த வாரம் புது அடுப்பு வாங்கினார். "ஏலே, இறப்பெல்லாம் இடது பக்கம், தண்ணிக் குழாயெல்லாம் வலது பக்கம்" என்று காவலாளி வேலுச்சாமி வரிசையை ஒழுங்கு செய்துகொண்டே இருந்தார்.

குமரகுரு பிறப்புகளின் மேசையைத் தானே எடுத்துக்கொண்டான். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. ஒவ்வொருவர் வாய் திறக்கும்போதும் முதலில் தேதியைக் கேட்டான். அது இல்லை என்றானதும் மற்றதை எழுதினான்.

வியாழனன்று சென்னையிலிருந்து இணையப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். திருடர்களுக்குப் பணம் கொடுப்பதில்லை என்பது அரசின் கொள்கை என்றார். அது எளிய பகுதி. பொதுமக்கள் தலையிலிருந்து பெறப்படும் தரவை அரசு ஆவணமாக ஏற்கலாமா என்பதற்குக் கொள்கையே இல்லை. அவர் மூன்று துறைகளுக்கு எழுதினார். மூன்றும் மற்ற இரண்டின் கருத்தைக் கேட்டன. வெள்ளிக்கிழமை ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்தது: பிறர் பதிவைத் தலையில் வைத்திருப்பவர் அதை உரிய அலுவலரிடம் அன்றி வேறெவரிடமும் வெளியிடலாகாது. அது வருவதற்குள், விடுதி நடத்தும் ஞானவேல், தன் கட்டட அனுமதி முருகேஸ்வரியின் கடைசிப் பதிவாக இருப்பதைத் தெரிந்துகொண்டு, ஒரு குக்கரோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தார். அனுமதி இரண்டு மாடிக்கு, கட்டியது நாலு.

"ஒங்க நாலாவது மாடியிலேர்ந்து பாத்தா எங்க வீடு நல்லா தெரியுதாமேண்ணே" என்றாள் முருகேஸ்வரி. "அந்த மாடியே காயிதத்துல இல்லையே. யாரு எங்கேர்ந்து பாக்குறாக?"

குக்கரை அவர் திரும்பத் தூக்கிப்போனதை ஊர் பார்த்தது.

அன்று மாலை இப்ராம்சா குமரகுருவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். நாலு பதிவுகளைக் கொடுத்துவிட்டதாகவும் ஐந்தாவது ஒன்று இருப்பதாகவும் சொன்னார்.

"இறப்பு தம்பி. இத நான் ஒன்கிட்ட சொல்லணுமா? வேற மேசையில சொல்லிரட்டா?"

"சொல்லுங்க பாய்."

அவர் சொன்னார். பதிவு எண், தேதி, எட்டு ஐம்பது, வயது இருபத்தாறு, தந்தை ஊர் பள்ளங்கி, காரணம். குமரகுரு தலை நிமிராமல் அடித்தான். முடித்ததும் இப்ராம்சா தன் மனசிலிருந்து அது போய்விட்டதை உணர்ந்து, என்ன சொன்னேன் என்று கேட்டார். சரியா சொன்னீங்க என்றான் அவன். மேசைக்கடியில் பாப்பா ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து அதற்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள். தாயின் வரி வந்துவிட்டது. மகளின் வரி வரவில்லை.

சனிக்கிழமை புதிய சிக்கல் தெரிந்தது. அந்த நிமிடம் ஊரைக் கடந்துபோன சுற்றுலாக்காரர்களிடமும் பதிவுகள் போயிருந்தன. ஆலப்புழையில் ஒரு பல் மருத்துவர் மூங்கில்சோலையின் பதினாறு குப்பைத் தொட்டிகளை மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். போனில் சொல்லப் பார்த்தால் வாய் அடைத்துக்கொண்டது, நேரில் வந்தால்தான் இறங்கியது. கொடைக்கானல் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு என்பதால் எண்கள் கிடைத்தன. எல்லோரையும் கூப்பிட்டார்கள். வந்தார்கள். குடும்பத்தோடு, ஊறுகாயோடு, சிப்ஸோடு வந்து, தலையைக் காலி செய்துவிட்டு, மன்னவனூர் ஆட்டுப் பண்ணையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஞானவேலின் அனுமதியில்லாத மாடிகள் உட்பட எல்லா அறைகளும் நிரம்பின. ஞாயிறு மாலை மீதி நூற்றுப்பன்னிரண்டு. ஆனால் அன்றிலிருந்து, இன்னும் சொல்லாதவர்களுக்கு எழுத்துகள் உதிர ஆரம்பித்தன. திரையின் கடிகாரம் எதைப் பூட்டியதோ அதையேதான் தலைகளிலும் அழிக்கப்போகிறது என்பது புரிந்தது. திங்கள் மாலை ஆறு மணிக்கு வேலுச்சாமி கரும்பலகையைத் துடைத்து ஒரே ஓர் இலக்கம் எழுதினார். ஒன்று.

எது என்று சண்முகசுந்தரி கேட்கவில்லை. குமரகுருவின் முகத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, வனத்துறைச் சோதனைச்சாவடியின் நோட்டை வரவழைத்து, தானே விரல் வைத்துப் படித்தார். பத்து நாற்பதுக்கு மன்னவனூர்ப் பேருந்து கடந்திருந்தது. முப்பத்தொரு பயணிகள். முப்பது பேர் கொடுத்துவிட்டார்கள். நடத்துநர் ஜெயமுருகன் கண்ணை மூடி ஒவ்வொரு சீட்டாக நினைத்துப் பார்த்தார். கடைசி வரிசையில் துணி மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கிய ஒரு அம்மா என்றார். "அது நம்ம சர்புன்னிசாக்கா" என்று இப்ராம்சா எழுந்தேவிட்டார். பழனிக் கடைவீதியிலிருந்து மாதம் ஒருமுறை நைட்டியும் சேலையும் கொண்டுவந்து மலைக் கிராமங்களில் விற்பவர். போனில் கேட்டபோது, ஏதோ பாட்டு மாதிரி ஆறு நாளாகத் தலைக்குள் ஓடுவதாகவும், வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள் என்றும் சொன்னார். வெள்ளனே முதல் வண்டிக்கு வந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

செவ்வாயன்று ஊர் வேலைக்குப் போகவில்லை. கேரட்டைப் பிடுங்கவும் ஆள் இல்லை. அடிவாரத்திலிருந்து தகவல் கைமாறி வந்துகொண்டே இருந்தது. வண்டி ஏறிவிட்டது. கொடைக்கானலில் இறங்கிவிட்டார். ஜீப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதரைக்கு, ஊருக்கு ஆறு கிலோமீட்டர் முன்பு, பதினொரு காட்டுமாடுகள் சாலையில் படுத்திருப்பதாகச் செய்தி வந்தது. ஹாரன் அடித்தால் முட்டும். குமரகுரு இப்ராம்சாவின் வண்டியை வாங்கிக்கொண்டு போனான். மூன்று வருடத்தில் அவன் அவசரப்பட்டதை யாரும் பார்த்ததில்லை, அன்று பார்த்தார்கள். மாடுகளுக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினான். அந்தப் பக்கம் சர்புன்னிசா ஜீப்பிலிருந்து இறங்கி, முக்காட்டை இழுத்துச் செருகி, பதினொரு காட்டுமாடுகளுக்கு நடுவே, கடைவீதிக் கூட்டத்தில் நடப்பதைப் போல நடந்து வந்தார். ஒரு மாடு காலை மடக்கி வழி விட்டது.

"வெரசா போ தம்பி" என்றார் பின்னால் ஏறிக்கொண்டு. "முன்னாடி ரெண்டு எண்ணு உதிந்துபோச்சு."

பத்து முப்பத்தைந்துக்கு மேசையில் உட்கார்ந்தார்கள். ஊர் சன்னலில் தொங்கியது. பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அவனுக்கே தெரியும். மற்றதை அவர் சொல்ல அவன் அடித்தான். தேதி. ஆறு பதினொன்று. பெண். எடை இரண்டு கிலோ எழுநூறு. தந்தை பெயர் வந்தபோது அவர் அவனை ஏறிட்டுப் பார்த்தார், ஆனால் நிறுத்தவில்லை. தாய் பெயர் ஜெயப்பிரியா. நிரந்தர முகவரி. பத்து நாற்பது ஆனது.

"குழந்தை பேரு, உமையாள்."

அவன் விரல்கள் நின்றன. அந்தக் கட்டம் காலி என்றான். நான்தான் அடித்தேன், அங்கே ஒன்றும் இல்லை என்றான்.

"இருக்கு தம்பி. எனக்குள்ள இருக்குல்ல. ஒரு பொம்பளக் கொரல்ல இருக்கு."

அவன் உதடுகள் அசைந்தன. சத்தமில்லாமல் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தான். நடுவில் ஒருமுறை ஒட்டிப் பிரிந்தன. அதன் பிறகு அடித்தான். சேமித்தான். பத்து நாற்பத்திரண்டுக்கு மூன்று திரைகளும் கறுத்தன. வேலுச்சாமி கரும்பலகையில் பூஜ்யம் போட்டார். சத்தம் கேட்டுக் காட்டுமாடுகள் எழுந்து சோலைக்குள் போனதாக ஜீப் டிரைவர் பிறகு சொன்னார்.

சென்னை அதிகாரியின் அறிக்கை, மீட்கப்பட்டவை முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு என்றும், அவற்றில் ஒன்றில் இழந்ததைவிடக் கூடுதலாக ஒரு சொல் இருப்பதாகவும் பதிவு செய்தது. அந்தச் சொல்லை நீக்க வேண்டுமா என்று கேட்டார். கணினியில் பெயர் சேர்க்க விண்ணப்பம் தேவை என்று சண்முகசுந்தரி சொன்னார். அன்றே குமரகுரு விண்ணப்பம் எழுதினான், தாமதக் கட்டணம் கட்டினான், அவர் தன் சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்துத் தானே கையெழுத்திட்டார். சாவி இப்போது அவர் பையில்தான் இருக்கிறது. டிஸ்க் வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்குப் போகிறது. ஊரின் தலைகளைக் காப்பு நகலாகக் கருதலாமா என்ற கோப்பு இன்னும் மூன்று துறைகளுக்கிடையே சுற்றிவருகிறது. மூங்கில்சோலையில் அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஊரைவிட்டு அதிக நாள் வெளியே போகிறவர்கள் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சான்றிதழ் அச்சாகி வந்தபோது மேசையில் வேறு ஆறு பேருடையவையும் இருந்தன. வழக்கப்படி குமரகுரு ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தான். ஐந்தாவதாக, உமையாள் என்றான். மேசைக்கடியில் பெட்டி நகர்ந்தது. அந்தப் பெயரை யாரும் அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவள் தவழ்ந்து வெளியே வந்து, கவுன்டரைச் சுற்றிப்போய், வரிசையில் தன் முறைக்கு நின்று, கையை நீட்டினாள்.