இரண்டாவது மிஸ்டு கால்

துணிப்பைக்குள் பன்னிரண்டு செல்போன்கள் விழுந்துவிட்டன. பதின்மூன்றாவதை நசீமா துப்பட்டாவுக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பத்து நிமிசம். யாரும் பேசப்படாது, அசையப்படாது. காதுல விழுற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்குங்க," என்றார் ஜெகதீஸ்வரன். அறிவியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஆள் திரட்டி, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் நடக்கக் கூட்டிக்கொண்டு போவார்.

"சும்மா நடக்கத்தான கூப்ட்டீக? பரிச்சை வைக்கிறீகளே சார்!" என்றார் பந்தல்குடி டயர்க்கடை சங்கரலிங்கம்.

"மொதல்ல ஒங்க வாயை அந்தப் பைக்குள்ள போடுங்க," என்றாள் அவர் மனைவி கனகலட்சுமி.

சிரிப்பு அடங்குவதற்குள் மகள் ஷிஃபா நசீமாவின் கையிலிருந்து போனை உருவிப் பைக்குள் போட்டுவிட்டாள். ஏழு வயது. சார் சொன்னால் சொன்னதுதான்.

நசீமா எட்டிப் பிடிப்பதற்குள் பை கருவேல மரக் கிளையில் ஏறிவிட்டது.

மணி ஏழரை. ஷார்ஜாவில் ஆறு. அவள் கணவன் முஸாஃபர் வேலைக்கு வண்டி ஏறும் நேரம். "லீவு கேட்ருக்கேன் நசீமா. காலைல தெரிஞ்சிரும்," என்று நேற்றுச் சொல்லியிருந்தான். அதற்கு அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. லீவு கிடைத்தால் அடுத்தடுத்து இரண்டு மிஸ்டு கால். அவள் எடுக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் மணி விடாமல் அடிக்கும். எடுத்துப் பேச வேண்டும். சமாதானம் சொல்வதற்குத்தான் அவனுக்குப் பேச்சு தேவைப்பட்டது. மூன்று வருடமாக அவன் பேசிக்கொண்டேதான் இருக்கிறான்.

கண்மாயில் தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் கிடந்தது. மற்ற இடமெல்லாம் வெடித்த கரிசல். வெடிப்புகளின் ஓரத்தில் ஒரு கொக்கு காலை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. நசீமாவின் காதில் எதுவும் ஏறவில்லை. பையையே பார்த்திருந்தாள். ஷிஃபா கரிச்சான் குருவிக்கு ஒரு விரல் மடக்கினாள். தூரத்து ஆட்டு மணிக்கு ஒன்று. சங்கரலிங்கத்தின் வயிறு உறுமியதற்கு ஒன்று.

அப்போது பை அதிர்ந்தது.

ர்ர்ர். ஒரே ஒரு தடவை. நின்றுவிட்டது.

நசீமா மூச்சை நிறுத்திக்கொண்டாள். இன்னொண்ணு. யா அல்லா, இன்னொண்ணு. கொக்கு காலை எடுத்து வைத்தது. கரிச்சான் பறந்தது. பை அசையவில்லை.

ஜெகதீஸ்வரன் கையைத் தூக்கினார். "முடிஞ்சிருச்சு. யாரு போனு அது?"

ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டார்கள். பதின்மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஒன்றும் அவனுடையது இல்லையென்றும் தெரிந்துவிடலாம்.

"சார்..." நசீமாவுக்குத் தன் குரலே புதிதாக இருந்தது. "இன்னும் அஞ்சு நிமிசம் இப்படியே உக்காந்திருப்பமா?"

இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. பையை நோக்கிப் போன அவர் கை பாதியில் நின்றது.

சங்கரலிங்கம் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "உக்காருங்க சார். டீ எங்க ஓடிரப் போகுது?"

மறுபடி அமைதி. ஷிஃபா நாலு விரல் மடக்கி வைத்திருந்தாள். நாலாவது எதற்கென்று கேட்க முடியாது, பேசக் கூடாது. மடங்கிய விரல்களுக்குப் பக்கத்தில், பையைப் பார்த்தபடி, சுண்டுவிரல் மட்டும் நிமிர்ந்து நின்றது.