விளக்குக்கு மேலே ஒரு படகு

சிற்றாலயத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஈரப் பட்டைகளை தெமெலினா விரலால் தொட்டுப் பார்த்தாள். காயவில்லை. உள்ளே இருக்கும் உயிர்கள் காயக் கூடாது என்று மிர்தோ சொல்லியிருந்தாள். பழைய சுவர்களைப் பழுதுபார்ப்பதற்கென்றே ஏதென்ஸிலிருந்து வந்தவள் அவள். மருந்து வைத்துத் துடைத்தால், சுவரில் படிந்த விளக்குக் கரியோடு சாந்தும் உதிர்ந்துவிடும். இந்த நுண்ணுயிர்களோ எண்ணெய்ப் பிசுக்கையும் மெழுகையும் மட்டுமே தின்னும்.

"தின்னுட்டு ஏப்பம் விடுமா?" என்று கேட்டாள் தெமெலினா.

"விட்டா எனக்கும் சொல்லுங்கக்கா. நாளைக்குப் பிரிச்சுடலாம்."

கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுக்கப் புறப்பட்ட அன்று அவள் புருஷன் சகெல்லாரிஸ் கத்திமுனையால் அந்தச் சுவரில் ஒரு படகைக் கீறினான். அதன் முனையில் கை தூக்கி நிற்கும் ஒரு சின்ன உருவம். படகு திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கல்லறை இல்லாத புருஷனுக்கு அவள் அந்தச் சுவரடியில் தினமும் விளக்கேற்றினாள். அந்தப் புகைதான் வருஷக்கணக்காக ஏறிப் படகை மூடியது. மிர்தோ அதைச் சொன்ன நாளில் தெமெலினா வீட்டுக்குப் போய் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அவன் கரையைப் பார்த்துக் கை தூக்கினானா, கடலைப் பார்த்தா? அதுகூட இப்போது அவளுக்கு நினைவில்லை.

மறுநாள், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போட்டுவிட்டு, மிர்தோவோடு மேலே சிற்றாலயத்துக்கு ஏறினாள். வாசற்படி ஈரமாக வெளுத்திருந்தது. உள்ளே சகெல்லாரிஸின் தங்கை செவஸ்தி, கையில் சுண்ணாம்பு மட்டையோடு நின்றாள். சுவரிலிருந்து பிய்த்த கீழ்வரிசைப் பட்டைகள் மூலையில் சுருண்டு கிடந்தன; அவை இருந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்பு.

"ஈஸ்டருக்கு வெள்ளையடிக்காத கோயில் இந்தத் தீவுலயே இது ஒண்ணுதான் அண்ணி. உங்களுக்கு முட்டி வலியா, சோம்பலான்னு ஊரே கேக்குது. சுவத்துல என்ன, புண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரி..."

மிர்தோ சுவரருகே குனிந்தாள். "சுண்ணாம்பு பட்டா அதுங்க செத்துடும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"எதுங்க?" செவஸ்தி கேட்டாள். மிர்தோ மேலே ஒட்டியிருந்த பட்டையைக் காட்டினாள். செவஸ்தி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். மட்டை கையிலிருந்து நழுவியது. "ஐயோ, அண்ணன் படகா?" இடுப்பில் கட்டியிருந்த துணியைச் சுருட்டிக்கொண்டு சுவரைத் துடைக்கப் பாய்ந்தாள்.

தெமெலினா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. ஊறிப்போன சாந்து. துடைச்சா அவனும் துணியோட வந்துடுவான்."

"சுண்ணாம்பு காஞ்சப்புறம் ஏதாவது செய்ய முடியுமா?" என்று மிர்தோவிடம் கேட்டாள்.

"தெரியலக்கா" என்றாள் மிர்தோ.

எஞ்சியிருந்த மேல்பட்டையை மெல்லப் பிரித்தாள். கரி அதோடு சேர்ந்து வந்தது. தேன்நிறச் சாந்தில் கொடிமரம், அதன்மேல் காற்றில் உப்பிய பாய். அதற்குக் கீழே, படகின் உடலும் கை தூக்கிய உருவமும் இருந்த இடத்தில், செவஸ்தியின் வெள்ளை, நுரைபோல இன்னும் ஈரமாக.

தெமெலினா தரையிலிருந்த விளக்கை எடுத்து, திரியைக் கிள்ளிவிட்டு, எதிர்ச்சுவரடியில் கொண்டுபோய் வைத்தாள். ஏற்றவில்லை. வாசல் வழியே வந்த கடல்காற்றில் சுண்ணாம்பு ஓரத்திலிருந்து மெல்லக் காயத் தொடங்கியிருந்தது.