பேசி முடிப்பது

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். தொண்ணூற்றேழில் கோபாலபுரத்து வக்கீல் நீரஜாவின் அலுவலகத்துக்கு ஜெசிந்தாவை அழைத்துப் போன அன்று, அதை அடக்கிக்கொண்டுதான் போனேன்.

ஜெசிந்தாவுக்கு இருபது வயது. அம்மா குப்பத்து ஏலத்தில் மீன் எடுத்து விற்பவள். அந்த ஏலக்காரரின் மகன் அவளைப் பலாத்காரம் செய்திருந்தான். மயிலாப்பூரில் எங்கள் பெண்கள் உதவி மையத்தில் ஒருமுறை சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஒருமுறை. அவளைத் தங்கவைத்த அடையாறு கன்னியாஸ்திரிகள் விடுதியில் சிஸ்டரிடம் ஒருமுறை. ஒவ்வொரு இடத்திலும் "முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றோம். சிஸ்டரிடம் பாதியில் நிறுத்தியவள் அப்புறம் சாப்பாட்டையே தொடவில்லை. அதன் பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. எல்லோரும் வக்கீலோடு ஒரே அறையில் உட்காருவது, அவள் ஒரே முறை சொல்வது, அன்றே போலீசில் புகார் கொடுப்பது என்று தீர்மானித்தோம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய தாய்மாமன் ஏசுராஜ், அந்த ஏலக்காரர் மகனுக்கே அவளைக் கட்டிவைக்க ஊர்ப் பெரியவர்களிடம் சம்மதம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்து ஊரறிய அறிவிப்பதாக இருந்தது.

நீரஜா நல்லவள். டாக்டரும் சிஸ்டரும் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நீரஜா எழுந்து வந்து ஜெசிந்தாவின் தோளைத் தொட்டாள்.

"பயப்படாதேம்மா. எல்லாரும் வந்தாச்சு. இன்னிக்கே பேசி முடிச்சுடலாம்."

ஜெசிந்தா என் கையை உதறினாள். செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். தெருமுனையில் பிடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

"உடு மேடம். மாமாவும் இதான சொன்னாரு, பேசி முடிச்சாச்சுன்னு. அவனுக்கே கட்டி வெக்கத்தான் நீங்களும் இட்டாந்தீங்களா?"

பேசி முடிப்பதென்றால் அவள் வீட்டில் கல்யாணம் நிச்சயம் செய்வது. எங்கள் வீட்டிலும் அதுதான் அர்த்தம். இத்தனை படித்தவர்களில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கல்யாணப் பேச்சே இல்லைடி. நடந்ததை ஒரே தடவையிலே கேட்டுண்டு கேஸ் போடத்தான் அப்படிச் சொன்னா."

"அப்புறம் திருப்பித் திருப்பிக் கேக்க மாட்டீங்களே?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கோர்ட்டுல கேப்பா. நாங்க கேக்க மாட்டோம்."

அவள் அலுவலகத்தை நோக்கித் திரும்பி நடந்தாள்.

அலுவலக வாசலில் ஏசுராஜ் நின்றிருந்தார். யாரோ இடத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் ஒரு வார்த்தை சரியென்று சொல்லிவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

"வா பாப்பா, வூட்டுக்குப் போலாம். நாலு பெரியவங்க ஒக்காந்து பேசி முடிச்சிட்டோம். உங்கம்மா நாளைக்கு ஏலத்துல மீன் எடுக்க வேணாமா?"

ஜெசிந்தா என் விரல்களை நெரித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"யாரு பேசினாங்க மாமா? நான் இன்னும் பேசவே இல்லியே."

அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்களுக்கும், வாசலில் நின்றவருக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.